ஜப்பான் அக்கா

நான் கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்தபோது அந்த வீட்டில் ஏற்கனவே ஒரு மருமகள் இருந்தாள். ஜப்பான்காரி. என் கணவரின் அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கோபே துறைமுகத்தில் அவளைப் பார்த்துப் பழகி, கல்யாணம் செய்து, கூட்டிவந்து பெற்றோரிடம் விட்டுவிட்டு மறுபடி கப்பல் ஏறிவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அதற்குள் எங்கள் பக்கத்துத் தமிழ் அவளுக்கு நன்றாகவே வந்திருந்தது.

வந்த புதிதில் அக்கா தனியாகக் காய் வாங்கப் போயிருக்கிறாள். பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ முடியைத் தொட்டார்கள், யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். ஜவுளிக்கடை ஒன்றுக்குள் ஒதுங்கி நின்றவளை மாமனார்தான் போய் மீட்டு வந்தார். அன்றிலிருந்து வாசல் கதவுக்குப் பகலிலும் தாழ்ப்பாள். அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கென்று நல்ல மாம்பழமாகத் தேடி வாங்கி வருவார். "நாளைக்கு மகன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?" என்பார்.

அவளுக்குத் துணை என்று என்னையும் வெளியே விடவில்லை. சில நாள் அவள்மேல் எரிச்சலாக வரும். மொட்டைமாடியில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடந்துகொண்டே இருப்பாள். பக்கத்து மாடிகளில் தலைகள் தெரிந்ததும் இறங்கிவிடுவாள்.

"உங்க ஊர் புளியங்குடி ரொம்ப தூரமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பஸ்ல அரைமணி நேரம்க்கா."

"அங்கன கடல் இருக்கா?"

"எலுமிச்சம்பழம்தான் இருக்கு."

சிரித்தாள். அந்தத் தைரியத்தில், "பேசாம ஜப்பானுக்கே போயிருங்களேன்க்கா" என்றேன்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "எங்க அப்பா, போனா திரும்பி வராதேன்னாங்க. இங்கன மாமா வெளிய போவாதேங்காங்க."

ஏழாம் மாதம் வளையல் போட்டு என்னை அழைத்துப்போக அம்மாவும் சொந்தக்காரர்களும் வந்தார்கள். கிளம்பும் நேரத்தில் அக்கா ஒரு துணிப்பையோடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"அத்தை, நானும் வாரேன்."

மாமியார் முகம் கறுத்தது. "ஏட்டி, நீ எங்கன போறே?"

"தங்கச்சிக்குத் துணைக்கு."

விவரம் தெரியாத என் அம்மா, "வரட்டுமே மதினி" என்றாள். அத்தனை பேர் முன்னால் மாமியாரால் மறுக்க முடியவில்லை.

புளியங்குடியிலும் அவளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அம்மா அவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அக்கா அவர்களோடு பேசினாள். கொஞ்ச நாளில் வேடிக்கைக்கு வருகிறவர்கள் குறைந்து, பேச வருகிறவர்கள் மட்டும் வந்தார்கள். அம்மாவோடு கடைத்தெருவுக்கும் போய்வர ஆரம்பித்தாள்.

பிறகு மாமனார் வந்தார். "கிளம்பும்மா, போவோம்."

"நான் வரல மாமா."

"ஊரு ஒரு மாதிரிம்மா. வேடிக்கை பாக்கதுக்குன்னே வருவானுவ."

"பாக்கட்டும். பாத்தா நான் தேஞ்சா போவேன்? உள்ளயே இருந்துதான் தேஞ்சு போறேன்."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பிறகு சாப்பிடாமல், தனியாக பஸ் ஏறினார்.

கப்பலில் இருந்த மகனுக்கு எப்படிச் சொல்லி அனுப்பினாரோ, அடுத்த முறை அத்தான் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கப்பலை விட்டுவிட்டுத் தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு வேலை தேடிக்கொண்டு அக்காவை அழைத்துப்போனார். அங்கே வெளிநாட்டு முகம் யாருக்கும் அதிசயமில்லை.

நான் பிள்ளையோடு சங்கரன்கோவில் வீட்டுக்கே திரும்பினேன்.

கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு அக்கா வருவாள். ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. "இருந்துட்டுக் காலைல போம்மா" என்று மாமனார் ஒவ்வொரு தடவையும் கெஞ்சுவார். "இருட்டுமுன்ன போகணும் மாமா" என்று செருப்பை மாட்டிக்கொள்வாள்.

பஸ் ஏற்றிவிட நான் போவேன். "நீயும் ரெண்டு நாள் வாயேன்" என்று ஒருமுறை என் கையைப் பிடித்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், அது இது என்று ஏதோ சொன்னேன். அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. பஸ் நகரும்வரை கையை விடாமல் வைத்திருந்தாள்.