தங்கபாண்டி கழற்றிக் கொடுத்த லென்ஸ்

தாயில்பட்டி பட்டாசு ஆலையில் புதுப் பெட்டிகளைப் படம் எடுத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். உள்ளே போகும்போது ஒப்படைத்த செல்போனை வாட்ச்மேன் நீட்டினார். வரிசையாக மிஸ்டு கால், எல்லாம் எங்கள் அச்சகத்திலிருந்து. கூப்பிட்டால், "தங்கபாண்டி போயிட்டாருண்ணே, நெஞ்சுவலி" என்றார்கள். முந்தின நாள்தான் ஒரு லென்ஸ் மோட்டாரை வைத்து என்னோடு சண்டை போட்டான்.

சிவகாசி காலண்டர் அச்சகத்தில் நானும் அவனும் ஒன்றாகச் சேர்ந்த போட்டோகிராபர்கள். இந்த அஞ்சலியைப் படிக்கும், அவனைத் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, யார் லென்ஸ் வாங்கினாலும் அதன் மோட்டார் எவ்வளவு வேகமாக ஃபோகஸ் பிடிக்கிறது என்று பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. ஆமத்தூர் பக்கம் ரோட்டோரம் நின்று, விரட்டி வரும் பஸ்ஸின் ஊர்ப்பலகையை எடுப்பான். எழுத்து தெளிவாக விழுந்தால் லென்ஸ் பாஸ். முதல் நாள் ஒரு பஸ்கூட வேகமாக வரவில்லை. "ஏலே, நம்மள வண்டி பிடிக்க வந்த ஆபீசருன்னு நெனைச்சு அம்புட்டுப் பேரும் மெதுவா வாராக" என்று சிரித்தான். அதிலிருந்து கருவேல மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் சோதனை.

நான் ஆசைப்பட்ட செகண்ட் ஹேண்ட் லென்ஸ் சத்தமே இல்லாமல் சட்டென்று ஃபோகஸ் பிடிக்கும். அவனுடைய பழசு கரகரவென்று கத்தும். ஆனால் நான் ஆசைப்பட்டது நாலு பஸ்ஸில் ஒன்றைக் கோட்டை விட்டது. "வேகம் இருக்குலே. ஆனா நிக்க வேண்டிய எடத்துல நிக்க மாட்டேங்குது. வாங்காத" என்றான். கேட்டேனா? மறுநாளே வாங்கினேன்.

அந்த வருடம் காலண்டர் அட்டைக்கு மாட்டுவண்டிப் பந்தயம். எங்கள் இருவரில் யார் படம் நன்றாக இருக்கிறதோ, அது அட்டை. நான் அதற்கு முன் இரண்டு தடவை மங்கலாக எடுத்திருந்தேன். "இதுவும் சரியில்லன்னா வேற எடம் பாத்துக்கோங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். அது பாண்டிக்கு மட்டும் தெரியும்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் பந்தயம். புறப்பட்ட இடத்துக்கே வண்டிகள் திரும்பி வரும்; மாடுகளின் முகம் கிடைப்பது அப்போதுதான். அவை கிளம்பியதும் சும்மா ஒரு முறை அமுக்கிப் பார்த்தேன். மோட்டார் முனகியது, நின்றது. கையால் திருகினேன், வளையமும் அசையவில்லை. ஊதினோம், தட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. தூரத்தில் புழுதி கிளம்பிவிட்டது. கூட்டம் கத்த ஆரம்பித்தது. பாண்டி என்னைக் கேட்கவே இல்லை. என் லென்ஸைக் கழற்றினான், தன்னுடையதை மாட்டினான்.

"நீ?"

"அடுத்த வருசம் எடுத்துக்கிடுதேன். மாட்டுக் கண்ணப் பாத்து அமுக்கு. மெதுவாத்தான் பிடிக்கும், ஆனா விடாது."

தரை அதிர்ந்தது. லென்ஸ் கரகரத்தது, பிடித்தது, விடவே இல்லை. முன்னால் வந்த ஜோடியின் நாலு கண்ணும் பளிச்சென்று விழுந்தன. பாண்டி தன் கேமராவின் திறந்த வாயைப் புழுதி போகாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைவிட அதிகமாகக் குதித்தான். இதை எழுதும்போதும் எனக்குக் கை பரபரக்கிறது.

அட்டையில் என் படம் வந்தது. என் வேலையும் தப்பியது. "ஒனக்கு ஒரு படம்கூட அமையலையா பாண்டி?" என்று முதலாளி கேட்டார். "என் லென்ஸு மக்கர் பண்ணிருச்சு அண்ணாச்சி" என்றான்.

அவன் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான் இன்னும் என்னிடம் பாக்கி இருக்கிறது. முதலாளி, மக்கர் பண்ணியது என்னுடைய லென்ஸ்.