அறிவுச்செல்வி விரித்த பாய்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் குணசீலன் வெல்டர். அவருக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டபோது அறிவுச்செல்விக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கெங்கவல்லிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கூலிக் குடும்பம். படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைக் கவனித்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப் போயிற்று. அவள் பிறந்த வீட்டில் பெரும்பாலும் களியும் கீரையும்தான். ஆனாலும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அப்பா ஜெபித்த பிறகே தட்டில் கை வைப்பார்கள்.

குணசீலன் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. சேர்ந்து உட்காரத்தான் ஆளில்லை. முதல் மனைவி வித்யா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் தட்டோடு டிவி முன்னால் போய்விடுவார். பத்தாவது படிக்கும் மகள் சரிதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வருவதோடு ஜெபமும் முடிந்துவிடும். வித்யாவின் பேச்சை இருவருமே எடுப்பதில்லை.

வந்த முதல் வாரமே அறிவுச்செல்வி சமையலறைக்கு வெளியே பாய் விரித்து மூன்று தட்டு வைத்தாள். சரிதா தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

"ஏம்புள்ள, கூப்பிட்டா உக்கார மாட்டயா?" என்று குணசீலன் குரலை உயர்த்தினார்.

"விடுங்க. சாப்பிடுற நேரத்துல பிள்ளைய வையாதீங்க," என்றாள் அறிவுச்செல்வி.

அன்று முதல் பாயில் இவர்கள் இருவர்தான். அவள் ஜெபம் நாலு வரியில் முடிந்துவிடும். பசித்தவனை ரொம்ப நேரம் காக்க வைத்தால் ஆண்டவருக்கே பொறுக்காது என்பாள். பிறகு, அன்றைக்கு நன்றி சொல்ல என்ன இருந்தது என்று கணவரைக் கேட்பாள்.

"என்னத்தச் சொல்றது? வெல்டிங் வெச்சேன், ஊட்டுக்கு வந்தேன்."

நாள் போகப் போக அவருக்கும் பேச்சு வந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வேண்டிய புது லாரியை, பதற்றத்தில் டிரைவர் பின்னால் எடுத்து டீக்கடைப் பெஞ்சை நொறுக்கிய கதையை அவர் சொன்ன அன்று, அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அறிவுச்செல்வி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாளிலிருந்து கதவு திறந்தே கிடந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். அவள் கண்ணை மூடி, "ஆண்டவரே, எனக்கு முன்னாடி இந்த அடுப்புல சமைச்ச வித்யா அக்காவுக்காக ஸ்தோத்திரம். அவங்க வளர்த்த பிள்ளைக்காக ஸ்தோத்திரம்," என்றாள்.

சரிதா தட்டும் கையுமாக வெளியே வந்தாள்.

"எங்கம்மா பேர நீங்க எதுக்குச் சொல்றீங்க?"

"சொல்லாமயே இருந்தா மறந்துட்ட மாதிரி ஆயிடுது, கண்ணு. எனக்கு அவங்களத் தெரியாது. தெரிஞ்சவங்க நீங்க ரெண்டு பேருதான். நீங்க சொன்னாத்தான் எனக்கும் தெரியும்."

சரிதா தட்டைப் பாயில் வைத்தாள். பிறகு பாயின் ஓரமாக உட்கார்ந்தாள்.

"அம்மா ரசத்துல பெருங்காயம் போட மாட்டாங்க. அப்பாவுக்கு ஆகாதுன்னு."

"எனக்கா ஆகாது? அவளுக்குத்தான், சாமி, அந்த வாசமே ஆகாது. எம்மேல பழியப் போட்டிருக்கறா!" என்றார் குணசீலன். சிரித்துக்கொண்டே சொன்னவருக்குக் கண் நிறைந்துவிட்டது. சரிதா அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அறிவுச்செல்வி எழுந்து இருவருக்கும் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

இப்போது சரிதா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். சனிக்கிழமை வந்தால், "சித்தி, தட்டு எடுத்து வெக்கட்டுமா?" என்று அவளே பாயை விரிக்கிறாள். அந்த வீட்டிலும் சண்டை வரத்தான் செய்கிறது. போன மாதம் ஏதோ மனஸ்தாபத்தில் கணவனும் மனைவியும் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்று ஜெபம் சரிதாவுடையது.

"ஆண்டவரே, இவங்க ரெண்டு பேருக்கும் வாயத் தொறந்து வுடுங்க. சோறு ஆறுது. ஆமென்."

முதலில் சிரித்தவர் குணசீலன். "கொழம்ப இந்தப் பக்கம் தள்ளு புள்ள," என்றார் மனைவியிடம். அறிவுச்செல்வி தள்ளவில்லை, தானே அள்ளி ஊற்றினாள்.