ஒரே இடத்தில் இரண்டு தரம்

சாரம் பகுதியில் எங்கள் தெருவில் எல்லோருடைய வேலைக்கும் ஒரு பெயர் உண்டு. என் வேலைக்கு மட்டும் அப்பா பெயரே வைக்கவில்லை. மில்லில் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பெட்டிக் கம்ப்யூட்டரில் நாள் முழுக்கக் கோடு பார்ப்பதை வேலை என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "கோடு பார்க்கக் கிளம்பிட்டியா?" என்றுதான் காலையில் வழியனுப்புவார்.

அது முழுப் பொய்யுமில்லை. விமானம் கடலுக்கு மேல் தாழப் பறந்து லேசர் ஒளியை அடிக்கும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அது பதிலுக்கு ஒளிரும், திரையில் கோடு எழும்பும். அந்த எண்ணெய் கடலடியிலிருந்து கசிகிறதா, படகு சிந்தியதா என்று சொல்வது என் பாடு. கசிவென்றால் அடியில் எண்ணெய் வளம் இருக்கிறது என்று பொருள். படகு நகர்ந்துவிடும், கசிவு நகராது. அதனால் இன்னொரு நாளும் பறந்து பார்ப்போம்.

கனகசெட்டிக்குளம் மீனவக் கிராமத்துக்கு நேரே கடலில் ஓர் இடம் இரண்டு தரமும் ஒளிர்ந்தது. மேலதிகாரி அன்றைக்கே லட்டு வாங்கிவிட்டார். அறிக்கையில் என் கையெழுத்துதான் பாக்கி. நான் வீட்டுக்குக் கொண்டுவந்த லட்டில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை அப்பா டீக்கடைக்கு எடுத்துப்போனார். "நம்ம பாப்பா கடல்ல எண்ணெய் கண்டுபுடிச்சிட்டா!" தெருவில் எனக்குத் திடீரென்று ஒரு வேலை இருந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கையெழுத்துப் போடுமுன் ஒளியின் நிறத்தைப் பார்த்தேன். கச்சா எண்ணெயின் ஒளி பச்சை வரை பரவும். இதுவோ ஊதாப் பக்கமே எழும்பி அடங்கியிருந்தது. அது டீசலின் குணம். ஆனால் டீசல் எப்படி ஒரே இடத்தில் நிற்கும்? பஸ் பிடித்துக் கனகசெட்டிக்குளம் போய்க் கேட்டேன்.

"அங்க அடியில பாறை, மீனு நிக்கும். விடிஞ்சா எல்லா போட்டும் அங்கதான்" என்றார் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர். நாங்கள் இரண்டு நாளும் விடிகாலையில்தான் பறந்திருந்தோம். படகுகள் நகரத்தான் செய்தன, ஆனால் மறுபடி அங்கேயே வந்து நின்றன.

மேலதிகாரியிடம் சொல்வது சுலபமாக இருந்தது. லட்டு அவருக்கு ஏற்கெனவே செரித்திருந்தது. அப்பாவிடம் சொல்லத்தான் பயம். தெருவில் அவருக்குத் தலைகுனிவாகிவிடுமே. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது, "எண்ணெய் இல்லப்பா, படகு டீசல்" என்றேன்.

அப்பா எழுந்து கைகழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனேன். "என்னா, எண்ணெய் எப்ப எடுக்கப் போறாங்க?" என்று கடையில் யாரோ கேட்டார்கள்.

"எண்ணெய் இருக்குதுன்னு ஏரோப்ளேனு ரெண்டு தரம் சொல்லிச்சி" என்றார் அப்பா. "எம் பொண்ணு பார்த்துட்டு இல்லன்னுட்டா. அதான் அவ வேல."