சம்பல் அரைத்த நாட்கள்

அலவத்துகொடையில் உம்மு குல்சும் வீட்டுக் குசினியில் நேரங்கெட்ட நேரத்தில் கிரைண்டர் ஓடினால், ஊரில் ஒரு மவுத்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். சிரிக்க வேண்டாம். அவள் ஒன்றும் புத்தி பேதலித்தவள் அல்ல. கணவனைக் காப்பாற்ற வேறு வழி தெரியாத ஒருத்தி, அவ்வளவுதான்.

கணவர் அரூஸ் கண்டியில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையில் பாதி அவருடையது, மற்றப் பாதி ஃபாஸிலுடையது. இரண்டு பேரும் காலையில் ஒரே பஸ்ஸில் போய் மாலையில் ஒரே பஸ்ஸில் வருவார்கள். அரூஸுக்குத் தடிமன் பிடித்தால் ஃபாஸில் கொத்தமல்லி குடிப்பார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கடைக்குள் வைத்துச் சண்டை பிடித்தாலும், பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவார்கள்.

அந்தப் பெருமழையில் ஊருக்கு மேலே மலை ஒரு பக்கமாகச் சரிந்து வந்து வீடுகளை மூடியது. மெஷின் வந்து சேரும்வரை ஊரார் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினார்கள். அரூஸும் ஃபாஸிலும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். என்ன கண்டார்கள், யாரைத் தூக்கினார்கள் என்று அரூஸ் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஒன்றை மட்டும் சொன்னார். பள்ளிவாசல் முற்றத்தில் கைகழுவிக்கொண்டு நின்றபோது ஃபாஸில் கேட்டாராம்: "மச்சான், நான் முந்தினா நீதான் கபுறுக்குள்ள எறங்கி என்ன வெக்கோணும். எனக்கு ஆம்புளப் புள்ள இல்ல." கபுறுக் குழிக்குள் இறங்கி உடலை வாங்கி வைப்பது மகன் செய்யும் கடமை. அரூஸ் சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அரூஸுக்குத் தூக்கம் போனது. நாள் முழுக்க ஃபோனும் கையுமாக இருந்தார். எங்கே மலை சரிந்தது, எங்கே பாலம் போனது, யார் இன்னும் கிடைக்கவில்லை என்று ஒரே வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கண்டி ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து வைத்து அனுப்பினார்கள். அனுப்பும்போது டொக்டர் உம்மு குல்சுமைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு முறை வந்தால் இந்த நெஞ்சு தாங்காது என்றார். கெட்ட செய்தி காதில் விழவே கூடாது, நல்லதாக நாலு வார்த்தை பேசுங்கள், கைக்கு லேசான வேலை கொடுங்கள் என்றார்.

டொக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல செய்திக்கு எங்கே போவது? அந்த மாதத்தில் இந்த நாட்டில் நல்ல செய்தி தேடுவதைவிடக் கடலில் விழுந்த ஊசியைத் தேடலாம். ஆனாலும் உம்மு குல்சும் தேடினாள். கணவரின் ஃபோனை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். மாவனல்லையில் கட்டிக்கொடுத்த மகள் ருஷ்தா தினமும் காலையில் எங்கிருந்தாவது ஒன்றைப் பிடித்து அனுப்புவாள். ரயில் பாதையை ஓரிடத்தில் சரிசெய்துவிட்டார்களாம். யாரோ ஒரு பிள்ளை நனைந்த புத்தகத்தை வெயிலில் காயவைத்துப் படித்துப் பாஸாகிவிட்டதாம். அதையெல்லாம் உம்மு குல்சும் தேத்தண்ணியோடு கொண்டுபோய்ச் சொல்வாள். ருஷ்தாவின் கையிருப்பு தீர்ந்த நாட்களில் தானே கட்டியும் விடுவாள்.

"கேட்டீங்களா, கம்பளையில ஆத்துத் தண்ணியில அடிச்சிட்டுப் போன, கண்டு போடாத கெடாரி மாடு, தானாத் திரும்பி ஊட்டுக்கு வந்தீக்காம்."

"தானாவா?"

"தானாத்தான். கண்டுக்குட்டியோட."

"கெடாரியா போன மாடு கண்டுக்குட்டியோட வந்திச்சா?" என்று அரூஸ் கேட்டார். பிறகு, பல நாட்களுக்குப் பின், மீசைக்குக் கீழே கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக உம்மு குல்சும் இன்னும் பத்து மாடுகளை ஆற்றிலிருந்து கரையேற்றத் தயாராக இருந்தாள்.

கைவேலைக்குக் கராம்பு கிடைத்தது. பக்கத்து வீட்டு அபீபாவின் தோட்டத்தில் அப்போது கராம்பு பறிக்கும் காலம். கொத்துக் கொத்தாக வரும் பச்சைக் கராம்பைக் காம்பிலிருந்து கிள்ளிப் பாயில் போட வேண்டும். அரூஸ் முன்கதவருகே கதிரையில் உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துக் கிள்ளுவார். விரலெல்லாம் கறை பிடித்து வீடு முழுக்க அந்த வாசம் நிற்கும். கிள்ளும்போது அவர் முகத்தில் ஒரு அமைதி வரும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஃபாஸில் நேரே இங்கே வருவார். டொக்டர் கூடாதென்ற இனிப்பை, தன் மனைவி அஸீமா கிண்டிய மஸ்கத்துத் துண்டொன்றைச் சட்டைப் பையில் மறைத்துக் கொண்டுவந்து கூட்டாளிக்குக் கொடுப்பார். உம்மு குல்சும் காணாத மாதிரி உள்ளே போய்விடுவாள்.

எல்லாவற்றையும் அடைத்தாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியை மட்டும் அவளால் பூட்டி வைக்க முடியவில்லை. பாங்கு நேரம் இல்லாத நேரத்தில் மைக்கை யாராவது தட்டினால் அது ஜனாஸா அறிவித்தல்தான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தட்டும் சத்தம் கேட்டதும் உம்மு குல்சும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் குசினிக்கு ஓடி, தேங்காயையும் மிளகாயையும் கிரைண்டரில் போட்டு முடுக்கிவிடுவாள். அறிவித்தல் முடியும்வரை அது ஓடும். இறந்தது யார் என்று பிறகு மதிலுக்கு மேலால் அபீபாவிடம் கேட்டுக்கொள்வாள். "எங்கட ஊட்டுக்கு மட்டும் மவுத்துச் செய்தி கொண்டு வராதீங்க, அல்லாஹ்வுக்காகச் செல்றன்" என்று ஊரில் வீடு வீடாகச் சொல்லியும் வைத்திருந்தாள். ஊராரும் பாவம், அப்படியே நடந்தார்கள்.

"இண்டைக்கும் சம்பலா?" என்று அரூஸ் சாப்பாட்டில் கேட்பார். வேறெதுவும் கேட்கமாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த கையோடு மைக் தட்டியது. உம்மு குல்சும் ஓடினாள், முடுக்கினாள், அரைத்தாள். மதிலடிக்குப் போய்க் கூப்பிட்டபோது அபீபாவின் வீடு பூட்டியிருந்தது. சந்தைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். மாலையில், அஸர் தொழுகைக்குப் பிறகுதான் அபீபா வந்தாள். அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும் கூப்பிடும் ஊர் அது.

"என்ன தாத்தா, நீங்க ரெண்டு பேரும் ஃபாஸில் நானாட மையித்து ஊட்டுக்கு வரவே இல்லியே? அரூஸ் நானா எங்க எண்டு அஸீமா தாத்தா கேட்டுக் கேட்டு அழுதா."

உம்மு குல்சும் மதிலைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப எடுத்தாங்க?"

"ளுஹரோட எடுத்து அடக்கியாச்சி. சுபஹுக்கு எழும்பினவரு அப்பிடியே விழுந்தாராம். பள்ளி ஆக்கள்தான் கபுறுக்குள்ள எறங்கி வெச்சாங்க. ஒங்களுக்கு மைக்குல கேட்டிருக்கும், நீங்கதான் அவருக்குச் செல்லாம வெச்சீக்கீங்க எண்டு நாங்க நெனச்சம்."

அவளுக்கு எங்கே கேட்டது? அவளுடைய காதையும் சேர்த்தல்லவா அந்தக் கிரைண்டர் அடைத்தது. நம்முடைய ஊர்களில் ஜனாஸா காத்திருக்காது. காலையில் போன உயிர் பகலில் மண்ணுக்குள். ஒரு மனிதரின் நெஞ்சைக் காப்பாற்றப் போய், அந்த நெஞ்சில் அவர் வைத்திருந்த ஒரே வாக்கை அவள் பறித்துவிட்டாள். அதை வாங்கித் திருப்பிக் கொடுக்க இனி எந்தக் கடையிலும் வழியில்லை.

சொல்வதா, விடுவதா என்று உம்மு குல்சும் செத்துப் பிழைத்தாள். சொன்னால் நெஞ்சு நின்றுவிடுமோ என்ற பயம். சொல்லாமல் விட்டால் வெள்ளிக்கிழமை வருமே என்ற பயம். வெள்ளிக்கிழமை வந்தது. அரூஸ் குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்தி, சுளகோடு கதவருகே உட்கார்ந்தார். ஜும்ஆ முடிந்து ஆட்கள் தெருவில் போனார்கள். வீட்டைக் கடக்கும்போது ஒவ்வொருவரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். தெரு வெறுமையான பிறகும் அரூஸ் ஃபாஸில் வரும் பக்கமே பார்த்திருந்தார்.

உம்மு குல்சும் அவருடைய காலடியில் உட்கார்ந்தாள். "இனி அவரு வரமாட்டாரு" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

அரூஸின் விரல்கள் கராம்புக் கொத்தில் அப்படியே நின்றன. நெஞ்சைப் பிடிப்பார் என்று அவள் கையை நீட்டினாள். அவர் பிடிக்கவில்லை.

"எண்டைக்கி?"

"செவ்வாக்கிழம."

"காலையில சம்பல் அரச்சீங்களே, அண்டைக்கா?"

உம்மு குல்சும் தலையாட்டினாள்.

"எனக்குத் தெரியும் குல்சும். நீங்க அரைக்கிற நேரமெல்லாம் ஆரோ மவுத்து எண்டு எனக்குத் தெரியும். ஆரு எண்டு தெரியாட்டியும் 'இன்னா லில்லாஹி' எண்டு மனசுக்குள்ள ஓதிக்கொள்ளுவன். நீங்க படுற பாட்டப் பாத்து ஒண்டும் கேக்கல்ல." கையிலிருந்த கொத்தைச் சுளகில் வைத்தார். "அண்டைக்கும் ஓதினன். அவனுக்கெண்டு தெரியாம, ஆரோ ஒரு ஆளுக்கு ஓதுற மாதிரி ஓதிட்டு, கராம்பு கிள்ளிக்கொண்டிருந்தன்."

மடியிலிருந்த சுளகை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார். எழுந்து போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நெஞ்சு நிற்கவில்லை. டொக்டர் பயந்தது நடக்கவில்லை. அதற்குப் பதிலாக நடந்ததற்கு எந்த டொக்டரிடம் போவது என்று உம்மு குல்சுமுக்குத் தெரியவில்லை.

ருஷ்தா நல்ல செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். உம்மு குல்சும் தேத்தண்ணியோடு போய்ச் சொல்வாள். அரூஸ் கேட்பதாகவும் இல்லை, கேட்காததாகவும் இல்லை. அலுமாரியைத் திறந்து ஃபோனை எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள். அதை அவர் தொடவில்லை. கபுறடிக்கு ஒருமுறை போய் வருவோம், ஆட்டோ கூப்பிடவா என்று கேட்டாள். "மூடின மண்ணப் பாத்து என்ன செய்ய?" என்றார். கிள்ளாத கராம்பு காம்போடு வாடிக் கறுத்தது. கடைசியில் அபீபாவே வந்து அள்ளிக்கொண்டு போனாள்.

ஆனாலும் உம்மு குல்சும் ஒரு தீர்மானம் எடுத்திருந்தாள். இனி எதையும் மறைப்பதில்லை. மைக் தட்டினால் ஜன்னலைத் திறந்துவிடுவது. யாராயிருந்தாலும் இவரே காதால் கேட்கட்டும், போக வேண்டுமென்றால் போகட்டும், தோள் கொடுத்துவிட்டு வரட்டும். மனிதர்களோடு சேர்ந்து அழுதாலாவது இந்தச் சுவரைவிட்டுத் திரும்புவார் என்ற ஒரே ஒரு நம்பிக்கை அவளிடம் மிச்சமிருந்தது.

ஒரு நாள் முற்பகலில் மைக் தட்டியது. பழக்கத்தில் குசினிப் பக்கம் ஓடிய காலை அவள் இழுத்துப் பிடித்தாள். அறைக்குள் போய் ஜன்னலை அகலத் திறந்தாள். மைக்கில் யாரோ செருமினார்கள்.

அரூஸ் எழுந்து உட்கார்ந்தார். கட்டிலைப் பிடிக்காமல் நின்றார். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவர் தானாக எழுந்து நின்றதைக் கண்டு உம்மு குல்சுமுக்குக் கண் நிறைந்தது. சட்டையை எடுத்துக் கொடுக்கத் திரும்பினாள்.

அவர் ஜன்னலைத் தாண்டி நடந்தார். அறை வாசலைத் தாண்டினார். குசினிக்குள் போய், கழுவிக் கவிழ்த்திருந்த வெறும் கிண்ணத்தை எடுத்துக் கிரைண்டரில் பொருத்தி, சுவிட்சைப் போட்டார். தேங்காயில்லை, மிளகாயில்லை. வெறும் இரும்பு கத்தியது. அறிவித்தல் முடிந்திருக்கும் என்று தோன்றும்வரை ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நிறுத்திவிட்டு, அவளைக் கடந்து போய் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

உம்மு குல்சும் போய் ஜன்னலைச் சாத்தினாள். அன்று இறந்தது யார் என்று அபீபாவிடம் அவள் கேட்கவில்லை.