காக்காவுக்கு முன்னால் ஒரு நாள்

செய்தி வந்தபோது நான் வண்ணார்பேட்டையில் பாளையங்கோட்டை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மீரான் காக்கா காயல்பட்டினத்து வீட்டில் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்துவிட்டு வந்து படுத்தவர், எழுந்திருக்கவே இல்லையாம். அவருடைய மருமகன் போனில் சொன்னார். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். இதிலும் இந்த மனுஷன் எனக்கு முந்திக்கொண்டாரே என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. அஞ்சலியில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று என் மனைவி கேட்கிறாள். காக்காவைத் தெரிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். நான் வெறும் புகழ்மாலை போட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். காக்கா சவூதியில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, வண்ணார்பேட்டையில் பேட்டரிக் கடை வைத்தவர். நான் கோர்ட்டில் தட்டச்சு செய்கிறவன். என்னைப் போல இன்னும் நான்கைந்து பேரைப் பிடித்து, மோட்டார் சைக்கிளில் மலையேறும் கூட்டம் ஒன்றை அவர் உண்டாக்கினார். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாஞ்சோலை, நீண்ட விடுமுறை கிடைத்தால் இமயமலை. எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. முன்னால் போகிறவரை யாரும் முந்தக் கூடாது. கடைசி வண்டிக்காரர் கருவிப்பையைச் சுமந்து வர வேண்டும். வழியில் யார் வண்டி நின்றாலும் தானும் நின்று, சரிசெய்து, எல்லாரையும் அனுப்பிவிட்டுத்தான் வந்து சேர வேண்டும். எப்போதும் முன்னால் காக்கா. கடைசியில் நான்.

"கடைசி வண்டி எங்கன நிக்குதோ, அங்கனதாம்ல கூட்டமும் நிக்கும். அதுக்கு ஒன்ன விட்டா ஆளு கெடையாது" என்பார். ஐஸ் வைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வளைவையும் முதலில் பார்ப்பது அவர் கண். மாஞ்சோலைப் பாதையில் மிளா மான் நின்றது என்று எல்லாரும் வாய் நிறையப் பேசுவார்கள். நான் பார்த்தது அது நின்றுவிட்டுப் போன இடத்தைத்தான்.

வடக்கே போனால் என் பாடு இன்னும் மோசம். அவருக்கு இந்தி, உருது, அரபி எல்லாம் வாயில் சரளமாக வரும். பஞ்சாப் லாரிக்காரர்கள் இறங்கி வந்து கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். சாலையோரக் கூடாரக் கடையில் அவர் தட்டில் மட்டும் கூடுதலாக ஒரு ரொட்டி விழும். நான் ஒருமுறை எனக்குத் தெரிந்த இந்தியில் வெந்நீர் கேட்டேன். அந்தக் குளிரில் ஐஸ் போன்ற தண்ணீரை ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து வைத்தார்கள். காக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வந்த வயிற்றெரிச்சலில் உலை வைத்திருந்தால் சோறே வெந்திருக்கும்.

லடாக் போன வருஷம் எனக்கு ஒரு நாள் வாய்த்தது. மணாலியிலிருந்து ஏறி, சர்ச்சு என்ற இடத்தில் கூடாரத்தில் தங்கியிருந்தோம். "நாளைக்குத் தங்லங் லாவுக்கு நீ முன்னால போலே" என்றார் காக்கா. அந்தப் பாதையிலேயே உயரமான கணவாய் அது. சின்னப் பிள்ளைபோல எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புழுதியும் ஓடைத் தண்ணீரும் பட்டு ஆக்சிலேட்டர் கேபிள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. நம் ஊரில் கீல் கத்தினாலும் தேங்காய் எண்ணெய், கால் வலித்தாலும் தேங்காய் எண்ணெய். மத்தியான வெயிலில் இளகிக் கிடந்த எண்ணெயைக் கேபிளுக்குள் தாராளமாக விட்டேன். காலையில் பார்த்தால் உள்ளே மெழுகுபோல உறைந்து கிடக்கிறது. முறுக்கினால் முறுக்கின இடத்திலேயே நிற்கிறது.

காக்கா வந்து மோந்து பார்த்தார். "ஏலே சம்முவம், வண்டிக்கு எண்ணெய் தேச்சுட்டியே, சீயக்கா எங்கல?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரே மண்டியிட்டு உட்கார்ந்து, கேபிளைக் கழற்றி, பெட்ரோல் விட்டு அலசி, இன்ஜின் ஆயில் போட்டு மாட்டினார். விரல்கள் நீலம்பாரித்துவிட்டன. அதற்குள் மேகம் இறங்கிவிட்டது. இனிப் பாதை தெரிந்தவர்தான் முன்னால் போக வேண்டும் என்று அவரே முன்னால் போய்விட்டார். நான் கருவிப்பையோடு கடைசியில் ஏறினேன்.

உச்சியில் என் வண்டி வரும்வரை யாரையும் படம் எடுக்க அவர் விடவில்லையாம். வந்ததும் என்னை நடுவில் நிற்கச் சொன்னார். வீம்புக்கு நிற்க மாட்டேன் என்றேன். போனை வாங்கி நானே படம் எடுத்தேன். கணவாயில் கட்டிய கொடிகள் பறக்க, பல் தெரியச் சிரித்தபடி காக்கா நிற்கும் அந்தப் படத்தைத்தான் இரண்டு நாளாக நீங்கள் எல்லாரும் பகிர்கிறீர்கள். அதில் நான் இல்லை.

போன மாதம் அடுத்த மலைப்பயணத்தைப் பற்றிப் பேச என் வீட்டுக்கு வந்தார். "இந்தத் தடவ நீ முன்னால போ. நான் பின்னால வாரேன். பையக் கொண்டா" என்று கருவிப்பையைக் கேட்டார். கொடுத்தேன். இவர் வந்தால் கடைசி இடத்துக்கும் ஒரு பெருமை வந்துவிடுமே என்று அப்போதும் எனக்கு ஓர் எரிச்சல். ஆனாலும் மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்த வளைவில் வேகம் எடுப்பது என்றுகூடப் பார்த்து வைத்தேன்.

காயல்பட்டினத்தில் அத்தனை கூட்டம். மூன்று பிடி மண் போட நான் வரிசையில் நின்றேன். வெளியே வந்ததும் மருமகன் அந்தப் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். காக்கா அதை ஏற்கெனவே தம் வண்டியின் பின்னால் கட்டி வைத்திருந்தாராம். எங்கள் கூட்டத்து ஐசக், "அண்ணே, இனி நீங்கதான் முன்னால போகணும்" என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எத்தனையோ வருஷமாக நான் ஏங்கிய இடம் ஒரே வார்த்தையில் கைக்கு வந்துவிட்டது.

"மலையப் பாக்கவால நான் முன்னால போகணும்னேன்? நான் ஓட்டுதத அந்த மனுசன் பின்னால இருந்து பாக்கணும்லா" என்றேன்.

வருகிற பயணத்தில் முன்னால் நான்தான் போவேன், யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் எவ்வளவு வேகமாகப் போனாலும் காக்காவை முந்த இனி எனக்கு வழியே இல்லை. அவரைப் பற்றி உங்களிடம் எத்தனையோ நல்ல நினைவுகள் இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் விட்டுப்போனது இந்தப் பொறாமைதான். இதில் மட்டும் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.