அப்பா ஒட்டிய மூலைகள்

அப்பாவுக்குத் தச்சுவேலை தெரிந்த அளவுக்கு அடங்கிப் போகத் தெரியாது. அந்தத் திமிரால் நாங்கள் ஒருநாள் நடுத்தெருவுக்கு வரப் பார்த்தோம்.

லாயாங் லாயாங் ரயிலடிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர்தான் ஆசாரி. தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே பட்டறை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் செத்துப்போன தாயாரைத் துணியில் வரைந்த படம் ஒன்று பங்களாவில் தொங்கியது. துணியை இழுத்து ஆணியடித்திருந்த மரச்சட்டத்தைக் கறையான் தின்றுவிட்டது. அப்பா புதுச்சட்டம் செய்தார். நான்கு மூலைகளையும் வச்சிரப் பசை போட்டு இறுக ஒட்டினார். கதவுக்கு அதுதான் சரி, படத்துக்கு ஆகாது. இங்கே பெய்கிற மழையில் துணி தொய்ந்துபோகும். அப்போது மூலையில் ஆப்பைத் தட்டினால் பொருத்து விலகித் துணி மறுபடி விறைக்கும். ஒட்டின மூலையில் எந்த ஆப்பு இறங்கும்?

துரை பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுக் கத்தினான். கூட வந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, கிராணி, அதைத் தமிழில் கத்தினான்.

“யோவ் ஆசாரி, மூலையத் தொறந்து வைக்கச் சொல்றாரு தொர. சாயங்காலத்துக்குள்ள படம் ஏறணும். இல்லன்னா சட்டி பானையத் தூக்கிட்டு லயத்த விட்டுக் கெளம்பு.”

“மூலை ஆடுற சட்டம் என் பட்டறையில இருந்து போகாது, கிராணி. தொரைய வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க.”

அவர்கள் போனதும் அம்மா வந்தாள். அவளுக்கு அப்போது நிறைமாதம்.

“எங்க போய்ப் புள்ள பெத்துக்கச் சொல்றீங்க? ரயிலடியிலயா?”

“வேலையப் பத்தி ஒனக்கு என்னாடி தெரியும்? போய் ஒலையப் பாரு.”

அப்பா தண்டவாளத்துப் பக்கம் நடந்தார். அம்மா உலையைத்தான் பார்த்தாள். கொதிக்கிற தண்ணீரை மொண்டு மொண்டு மூலைகளில் ஊற்றினாள். பசை இளகி நாறியது. சட்டத்தைக் காலால் மிதித்துக்கொண்டு பிடுங்கினாள்.

“அப்பா கொன்னுருவாரும்மா” என்றேன்.

“வாய மூடிட்டு அந்தப் பக்கம் புடிடி.”

கடைசி மூலை கழன்றபோது அப்பா வாசலில் நின்றார். கொட்டாப்புளிச் சுத்தியலை எடுத்தார். அம்மா நகரவில்லை. வயிற்றை மட்டும் கையால் மறைத்துக்கொண்டாள். அவர் கொட்டாப்புளியைச் சுவரில் விட்டெறிந்தார். பிறகு உட்கார்ந்து ஆப்பு சீவ ஆரம்பித்தார்.

இருட்டுவதற்குள் படம் புதுச்சட்டத்தில் ஏறியது. துணியும் விறைத்து நின்றது.

“எம் பொண்டாட்டி புத்திகெட்டு வெந்நிய ஊத்திட்டா. மரம் வீணாப் போவுதேன்னுதான் ஆப்பு வச்சேன்” என்றார் அப்பா. படத்தை எடுத்துப்போக வந்த கிராணி சிரித்தான். அம்மா கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம். அப்பாவின் வேலையைக் கெடுத்தவள் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அடுத்த வாரம் அதே வீட்டில் தம்பி பிறந்தான். வெளியே மழை கொட்டியது. அவன் நனையாமல் கிடந்ததற்கு யார் காரணம் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.