அண்ணன் மறுபடி ஸ்டியரிங் பிடித்த கதை

அறுபதுகளின் தொடக்கத்தில் என் அண்ணனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது இரும்புப் பெட்டி ஒன்று சரிந்து அவர் மேல் விழுந்தது. அதுவரை பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டியவர். ஆஸ்பத்திரியில் கட்டைக்கால் பொருத்திக் கொடுத்தார்கள். சீக்கிரமே நடக்கப் பழகிவிட்டார். யாரையும் குறை சொன்னதில்லை. தேக்காவில் எங்கள் மாடி ஜன்னலில் நின்று, சிராங்கூன் ரோட்டில் போகிற வண்டிகளை மட்டும் வெகுநேரம் பார்ப்பார்.

நான் அப்போது ஒரு பஸ் பட்டறையில் ஃபிட்டர். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணி வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பார். அவர் துணி வெட்டுகிற நேரத்தில் அண்ணன் தையல் மெஷினில் உட்கார்ந்து நேர்த்தையல் போட்டுத் தருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவா சூ காங்கில் ஒரு சீனருடைய தோட்டத்தில் தண்ணீர் பம்பு ரிப்பேர் பார்க்கப் போனேன். கோழிக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கார் நின்றது. நான்கு சக்கரமும் மண்ணில் பாதி புதைந்திருந்தன. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் துருவேறி இறுகியிருந்ததே தவிர எங்கும் வெடிப்பு இல்லை. அண்ணனுக்காக விலை கேட்டேன். ஒரு பழைய சைக்கிளின் விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார் தோட்டக்காரர். குஞ்சு பொரிக்கிறவரை மட்டும் பொறுக்கும்படி மலாயில் கேட்டுக்கொண்டார். பொறுத்தேன்.

காரை லாரியில் கட்டி இழுத்து வந்து வீட்டுப் பின்சந்தில் நிறுத்தினோம். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. சிலிண்டர்களில் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்த பிறகு எஞ்சின் அசைந்து கொடுத்தது. பிரேக் சாமான்களைச் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்தேன். கோழி எச்சத்தைச் சுரண்டிக் கழுவி, மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டுச் சீட்டுக்கு உறை தைத்தார் அண்ணி. அண்ணன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். முதல்முறை எஞ்சின் ஓடியபோது, மூன்றாவது சிலிண்டர் சரியாக வெடிக்கவில்லை என்றார். கழற்றிப் பார்த்தேன், அதேதான். பட்டறையில் எங்கள் மேஸ்திரிக்குக்கூட அந்தக் காது கிடையாது.

கிளட்ச்சில்தான் மாட்டிக்கொண்டேன். அதை இடது காலால்தான் அழுத்த வேண்டும். காலுக்குப் பதிலாகக் கையால் அழுத்தட்டும் என்று நீளமான இரும்புக் கம்பி ஒன்றைப் பொருத்தினேன். ஆனால் கியர் மாற்றுவதும் அதே இடது கைதானே. சந்தில் மூன்று தடவை முயன்றார். மூன்றாவது தடவை கார் துள்ளிப் போய்ச் சாக்கடை ஓரத்தில் இடித்து நின்றது. அண்ணன் இறங்கி மாடிக்குப் போனார். அடுத்த ஞாயிறு அவர் கீழே வரவில்லை.

அண்ணிதான் வந்தார், கழுத்தில் அளவு டேப்போடு.

"தம்பி, அந்தக் கம்பிய கழட்டிடுங்க."

"அப்புறம் எப்படி அண்ணி ஓட்டுவாரு?"

"ஒரு வருஷமா என் மெஷின எந்தக் கால்ல மிதிக்கிறாருன்னு நினைச்சீங்க? ரெண்டு கால்லயும்தான்."

மேலே போய்க் குனிந்து பார்த்தேன். மெஷினின் மிதி பலகையில் ஒரு தோல்வார் கம்பியால் கட்டியிருந்தது. அதற்குள் நுழைந்த கட்டைக்கால் வழுக்காது. மிதிக்கிற பலமெல்லாம் தொடையிலிருந்து வந்தது. அந்தக் கால் இல்லை என்றே நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது வேலை செய்வதை அண்ணி தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளட்ச் பெடலைக் கொஞ்சம் நீட்டி, அதன் மேல் செருப்பு அகலத்துக்குத் தகடு பற்றவைத்தேன். அண்ணி அளவெடுத்துத் தோல்வார் தைத்தார். அவசரத்துக்குக் காலை உருவிக்கொள்ள முடிய வேண்டும் என்று சொல்லி, குதிகால் பக்கத்தைத் திறந்தே விட்டார். அது எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு சிக்கல் பாக்கியிருந்தது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது பாதத்துக்குத் தெரிய வேண்டும். மரத்துக்கு எப்படித் தெரியும்? அண்ணனிடம் கேட்டேன். "எஞ்சின் சொல்லும்லா," என்றார். தோட்டக்காரரின் அனுமதியோடு சுவா சூ காங் மண்பாதையில் வாரம் தவறாமல் ஓட்டிப் பார்த்தார். முதலில் குலுக்கி எடுத்தது. ஒரு மாதத்தில், கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வண்டி எப்போது கிளம்பியது என்றே எனக்குத் தெரியாத அளவுக்கு வந்துவிட்டார்.

லைசென்ஸுக்கு மறுபடி பரீட்சை கொடுத்த கதையும் உண்டு. பரீட்சை வைத்த அதிகாரி குனிந்து தோல்வாரை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொன்னபோது கார் ஒரு முழம் பின்னால் உருண்டது. ஃபெயில். எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணனோ அமைதியாகச் சொன்னார்: "அவரு செஞ்சது சரிடா. பின்னாடி ஒரு பிள்ளை நின்னிருந்தா?" அதன் பிறகு ஒரு மாதம் புக்கிட் பாத்தோக் பக்கத்து மேடுகளில் நிறுத்தி நிறுத்திக் கிளப்பினார். இரண்டாவது தடவை பாஸ்.

அன்று மத்தியானமே கிராஞ்சிக்குப் போனோம். அண்ணி பின்சீட்டில் ஏறினார்.

"முன்னாடி வா. நான் என்ன டாக்சியா ஓட்டுறேன்?" என்றார் அண்ணன்.

அண்ணி இறங்கி வந்து முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால் போனேன். வழி நெடுக அண்ணி ரோட்டைப் பார்க்கவில்லை, கிளட்ச்சையே பார்த்துக்கொண்டு வந்தார். கடலோரத்தில் நிறுத்தியதும், "தையல் ஒண்ணும் பிரியல," என்று மட்டும் சொன்னார். அண்ணன் சிரித்த சிரிப்பை அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்தில் நான் கேட்டதில்லை.

மறுவாரம் அதே தோட்டக்காரர் தேக்காவுக்கு வாழையிலை ஏற்றிப்போக முடியுமா என்று கேட்டார். எட்டு வருடம் அண்ணன் அந்த வேலையைப் பார்த்தார். தேக்காவின் சாப்பாட்டுக் கடைகளில் அவருக்குக் காலில்லை என்பதே பல பேருக்குத் தெரியாது. இலை நேரத்துக்கு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.